செத்தல் மிளகாய் நின்ற இடம்

வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற வயதுக்கு நாம் வந்துவிட்டோம். ஒஸ்லோவின் புளொக் வீடுகளில், ஹீற்றரின் மேல் கையுறை காயவைத்து வளர்ந்த என் வயதுக்காரர்களே, நான் இன்று எழுத வந்திருப்பது அயர்லாந்து உதைபந்தாட்ட அணியைப் பற்றி என்றால் சிரிப்பீர்கள். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அணியின் முன்கள வீரன் ஒருவன் மைதானத்தில் எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பற்றி. இந்தக் கிழவிக்கு ஏன் இந்த வேலை என்று உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

போன மாரியில் ஒருநாள் என் மகன் வரவேற்பறையில் சிநேகிதனோடு கைப்பேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது அயர்லாந்துக்கு விளையாடும் ஒருவனைத் தனியாக முன்னால் விடுவதா, பக்கத்தில் துணைக்கு இன்னொருவனை நிறுத்துவதா என்பதுதான் வழக்கு. முன்கள வீரனை நோர்வேஜிய மொழியில் "ஸ்பிஸ்" என்பார்கள். "ஒரு ஸ்பிஸ் காணாது, ரெண்டு வேணும்" என்று அவன் கத்தினான். நான் அடுப்படியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அம்மா மேசையில் பயித்தங்காய் வெட்டிக்கொண்டிருந்தா. அவ தலை நிமிரவில்லை. ஆனால் கத்தி நின்றுவிட்டது. எண்ணெயில் போட்ட செத்தல் மிளகாய் கருகி, நாங்கள் மூன்று பேரும் இருமத் தொடங்கும்வரை அது நின்றது.

அந்தச் சண்டையை நானும் அம்மாவும் முன்பே கேட்டிருக்கிறோம்.

நான் சிறுமியாக இருந்தபோது ஹவுகன்ஸ்டுவாவில், ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு புளொக்கின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. அப்பா இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்தார். சித்தப்பா நகரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே சமைத்த ஒரு அயர்லாந்துக்காரன் வேலையை விட்டுப் போகும்போது தன் பச்சை மப்ளரைச் சித்தப்பாவின் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனான். அன்றிலிருந்து சித்தப்பா அந்த நாட்டைத் தத்தெடுத்துக்கொண்டார். வெயில் காலத்திலும் அந்த மப்ளரோடுதான் தொலைக்காட்சியின் முன் இருப்பார். அப்பாவுக்கு அது பிடிக்காது. "தஞ்சம் தந்த நாட்டுக்குக் கைதட்டு. உதென்ன, சோறு போட்டவன் ஒருத்தன், நன்றி இன்னொருத்தனுக்கோ?" என்பார். தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கோடையில் பார்த்து உலகக்கிண்ணத்தில் நோர்வேயையும் அயர்லாந்தையும் ஒரே குழுவில் போட்டுவிட்டார்கள்.

சண்டை எப்படித் தொடங்கியதென்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எப்படி இருந்தது என்பது நேற்றுப்போல் இருக்கிறது. பழைய பேப்பரை மேசையில் விரிப்பார்கள். கச்சான் கொட்டைகள், நிலக்கடலைதான், பத்துப் பேர். அயர்லாந்தின் முன்கள வீரனுக்கு மட்டும் தனி மரியாதை, அவன் ஒரு செத்தல் மிளகாய். அப்பா மிளகாயை எடுத்து எல்லோருக்கும் முன்னால், தூரத்தில் வைப்பார்.

"இவன் தனிய நிக்கவேணும். ஓடக்கூடியவன். தனியாள் எண்டால் ஒருத்தன்ரை கண்ணிலும் படாமல் நழுவிப் போயிடுவான்."

சித்தப்பா அதைப் பிடுங்கிப் பின்னால் இழுப்பார். இல்லாவிட்டால் ஒரு கச்சானைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைப்பார்.

"தனிய விட்டால் நாலுபேர் சுத்தி வளைப்பாங்கள், அண்ணை. முதுகைக் காட்டிக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான் பாருங்கோ. பக்கத்திலை ஒருத்தன் வேணும்."

"நான் கப்டனாய் இருந்தனான். நீ லெப்ட் அவுட். எனக்குப் படிப்பிக்காதை."

"கப்டனாய் இருந்துதான் எல்லாத்தையும்..." என்று தொடங்கிச் சித்தப்பா நிறுத்திவிடுவார்.

அம்மா வந்து மிளகாயை எடுத்துக்கொண்டு போவா. "உங்கடை சென்றர் போர்வேட் எனக்குச் சம்பலுக்கு வேணும்." அதோடு ஆட்டம் கலையும். ஆனால் அம்மாவுக்கு அந்தச் சண்டை பிடிக்கும். காரணம், அவர்கள் அந்த அயர்லாந்துக்காரனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எப்படியும் என் மாமாவிடம் வந்து சேர்வார்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் அப்பா தலைவராக இருந்த அணியில் அவர்தான் சென்றர் போர்வேட். "உம்மடை தம்பியை மாதிரியே ஓடுறான்" என்று அப்பா சொன்னால் அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். நான் மாமாவை நேரில் கண்டதில்லை. ஊரில் எடுத்த அணிப் படத்தில், முன்வரிசையில், ஒரு முழங்காலை மடித்துப் பந்தின் மேல் கைவைத்திருப்பார். ஒரு காலின் சொக்ஸ் கீழே இறங்கியிருக்கும்.

அதே ஆண்டு வசந்தத்தில்தான் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவின் அப்பா, என் அம்மப்பா, கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது மாரடைப்பால் இறந்துவிட்டார். அம்மா அப்போது வயிற்றில் என் தங்கையைச் சுமந்துகொண்டிருந்தா. இரத்த அழுத்தம் கூடி, கிழமைக்கு இரண்டு தரம் தாதியிடம் போய்க் காட்டவேண்டிய நிலை. ஊருக்குப் போக எங்களிடம் சரியான பத்திரமும் இல்லை. நிலத்தில் இருந்து அழுதழுது, கடைசியில் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பிதானே கொள்ளி வைச்சவன்?"

"ஓம்" என்றார் அப்பா.

சித்தப்பா எழுந்து போய் யன்னலடியில் நின்றார். ரயில் ஒன்று போனது. இதெல்லாம் எனக்கு நினைவிருப்பது நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. அம்மா அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அதனால்.

கொஞ்ச நாளில், கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண்மணி ஒரு வீடியோ கசெட்டைக் கொண்டுவந்து அம்மாவின் கையிலேயே கொடுத்தா. செத்தவீட்டு வீடியோ. நம் வீடுகளில் கலியாண வீடியோவுக்குப் பக்கத்தில் இந்தக் கசெட்டுகளும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். போகமுடியாதவர்கள் அதைப் பார்த்துத்தான் அழுது முடித்தோம். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி செத்தவீடு பார்க்கக்கூடாது, வீடியோவில்கூட. அதனால் அம்மா அதை ஒரு துவாயில் சுற்றி, அலுமாரியில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்தா. பிள்ளை பிறந்து துடக்கு, பிரசவத் தீட்டு, கழிந்த பிறகு பார்ப்பதாக முடிவு. "அப்பாவை இனிப் பாத்து என்ன. அவர் போயிட்டார். எனக்குத் தம்பியின்ரை முகத்தைப் பாக்கவேணும். மொட்டையோடை எப்பிடி இருக்கிறானெண்டு பாக்கவேணும்" என்று தாதியிடம் போகும் வழியெல்லாம் என்னிடம் சொல்லுவா. மாமா செத்தவீட்டுக்குப் பிறகு ஒரு கடிதமும் போடவில்லை. துக்கம், அதனால்தான் எழுதவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அந்தக் கசெட்டுக்காகக் காத்திருந்தா. பிள்ளைக்குக் காத்திருந்ததைவிட அதிகமாகக் காத்திருந்தா என்றுகூட இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நோர்வேயும் அயர்லாந்தும் மோதிய நாள். அம்மா அறையில் படுத்திருந்தா. ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு சித்தப்பா என்னிடம் வந்தார்.

"குஞ்சு, உன்ரை ஒட்டுற ரேப்பைக் கொஞ்சம் தா."

ஒரு பிறந்தநாள் விருந்தில் எனக்குக் கிடைத்த செலோரேப் அது. அதில் சின்னச் சின்ன வெள்ளி நட்சத்திரங்கள் இருக்கும். யாருக்கும் கொடுக்கமாட்டேன். சித்தப்பாவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். பிறகு நான் சோபாவில் ஏறி இருந்தபோது, வீடியோப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா கைகளைத் தொடைகளுக்கு இடையில் வைத்துக்கொண்டு இருந்தார். நோர்வே பந்தோடு ஓடியபோதும் கைதட்டவில்லை. சித்தப்பா பச்சை மப்ளரின் நுனியைக் கடித்துக்கொண்டு இருந்தார். இரண்டு பக்கமும் ஒரு கோலும் விழவில்லை. நோர்வே வீட்டுக்குப் போனது, அயர்லாந்து அடுத்த சுற்றுக்குப் போனது. சித்தப்பா சந்தோசப்படவும் இல்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தமில்லாமல் ஒரு ஆட்டம் பார்க்கப்பட்டது அன்றைக்குத்தான்.

தங்கை கோடையின் கடைசியில் பிறந்தாள். துடக்குக் கழிந்த மறுநாள் அம்மா தலைக்குக் குளித்து, வெளிறிய சேலை ஒன்று உடுத்து, துவாயை விரித்துக் கசெட்டை எடுத்தா. நான் பக்கத்தில் நின்றேன். அவ அதைத் திருப்பிப் பார்த்தா. முதுகுப் பக்கத்து மூலையில் நட்சத்திரங்கள் மினுங்கின. அதன்மேல் பெருவிரலை ஒருமுறை ஓட்டினா. அப்பாவைப் பார்த்தா, சித்தப்பாவைப் பார்த்தா. பிறகு கசெட்டை உள்ளே தள்ளினா.

பச்சைப் புல்வெளி. பந்தின் பின்னால் ஓடும் ஆட்கள்.

"ஐயோ அண்ணி" என்றார் சித்தப்பா. "வெறுங் கசெட் எண்டு நினைச்சுப்போட்டன். எங்கடை ஆள் எங்கை நிக்கிறானெண்டு அண்ணைக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டவெண்டு எடுத்தனான்..."

அப்பா எழுந்து கசெட்டை முன்னோக்கி ஓடவிடப் போனார். "விடுங்கோ" என்றா அம்மா. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நிலத்தில் இருந்து, அந்த ஆட்டம் முழுவதையும் பார்த்தா. ஒரு கோலும் இல்லாத ஆட்டம். அழவில்லை. இடைவேளை விளம்பரத்தையும் பார்த்தா. பிள்ளை அழுதபோது பால் கொடுத்துக்கொண்டே பார்த்தா. நாங்கள் மூவரும் எழுந்து போகத் துணிவில்லாமல் இருந்தோம்.

நேர்முக வர்ணனை நடுவில் அறுந்தது. திடீரென்று மழை. கொழும்பில் ஏதோ மயான வாசல். குடைகளின் கீழே ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நடுவே மொட்டையடித்த ஒருவர், மேல் சட்டையில்லாமல், நனைந்த வேட்டியோடு. அவர் ஒரு கணம் கமராவை நேராகப் பார்த்தார். அப்பாவின் வயது இருக்கும். எனக்கு அவரைத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று அவவின் முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கியது. பிறகு ஒரு பஸ், பிறகு வெறும் புள்ளிகள்.

அம்மா கசெட்டை எடுத்துச் சித்தப்பாவின் மடியில் வைத்தா. "வைச்சுக்கொள்ளும். ஒரு பந்துக்காக என்ரை அப்பாவை அழிச்சுப்போட்டீர். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கவேண்டாம்."

மாமாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த மொட்டைத் தலை யாருடையது என்று ஒரு கேள்வி இல்லை. அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். சித்தப்பா மப்ளரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றே போய்விட்டார்.

ஸ்ட்ரோம்மனில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். எங்கள் ரயில் பாதையிலேயே சில நிறுத்தங்கள் தள்ளித்தான். அம்மா அந்தப் பக்கம் ரயில் ஏறவே இல்லை. கடைகள் இருக்கும் இடம் என்று ஊரே அங்கே போய்வந்தாலும் அவ போகவில்லை. சித்தப்பாவின் கதை கலியாண வீடுகளில் பகிடியாகியது. பந்துப் பைத்தியத்தில் செத்தவீட்டையே அழித்த மனுசன். உங்களில் பலர் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். அவரும் அதைக் கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அவர் கலியாணம் செய்யவில்லை. அப்பா இறந்தபோது மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, சாம்பிராணிப் புகை அடங்குமுன் போய்விட்டார்.

மாமாவைப் பற்றி, "தொடர்பு இல்லை" என்ற இரண்டு சொற்களே எங்கள் வீட்டில் மிஞ்சின. இலங்கை யுத்தத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த இரண்டு சொற்கள் இருந்தன, யாரும் மேலே கேட்கமாட்டார்கள். மாமாவின் பிறந்தநாளுக்கு மட்டும் அம்மா பாயாசம் காய்ச்சுவா. "அவனுக்கு இப்ப தலை நரைச்சிருக்கும்" என்று ஒருமுறை சொன்னா. இப்போதும், எந்தத் தொலைக்காட்சியில் எந்த நாட்டு ஆட்டமானாலும், முதுகைக் காட்டியபடி கையைத் தூக்கிப் பந்து கேட்டு நிற்கும் தனி ஆளைக் கண்டால் நான் முதலில் அவன் சொக்ஸைத்தான் பார்ப்பேன். ஒன்று கீழே இறங்கியிருக்கிறதா என்று.

இனி, மகன் கத்திய அந்த மாரிக்கு வருகிறேன். மிளகாய்ப் புகை அடங்கியதும் அவனிடம் இந்தச் சண்டையின் கதையைச் சொன்னேன், பகிடிக் கதையாகத்தான். அவன் உடனே அந்தப் பழைய ஆட்டத்தை இணையத்தில் தேடி எடுத்துவிட்டான். இருவரும் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அவன் சொன்னான்: "அம்மா, நீங்கள் சொன்ன ஸ்பிஸ் இதிலை விளையாடேல்லையே. வேறை ஆள்தானே முன்னுக்கு நிக்கிறான்."

நான் நம்பவில்லை. என் நினைவில் அன்றும் எங்கள் ஆள்தான் ஓடிக்கொண்டிருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்தேன். அவன் களத்தில் இறங்கவே இல்லை. எங்கே நிற்கவேண்டும் என்று மாதக்கணக்காக வாதாடப்பட்டவன், அதை நிரூபிக்கவென்று எடுக்கப்பட்ட ஆட்டத்தில் இல்லவே இல்லை. அவன் இல்லை என்று தெரிந்த பிறகும் சித்தப்பா பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறார்.

அப்போதுதான் நட்சத்திர ரேப் நினைவுக்கு வந்தது. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, எங்கள் பிள்ளைகளுக்குத்தான் தேவை. அழியக்கூடாத கசெட் என்றால் அதன் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிடுவார்கள். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதியமுடியாது. பதியவேண்டுமென்றால் அந்த ஓட்டையின்மேல் ரேப் ஒட்டவேண்டும். வெறுங் கசெட் என்று நினைத்தவருக்கு ரேப் எதற்கு?

மறுநாள் ஸ்ட்ரோம்மனுக்குப் போனேன். சித்தப்பா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில், மூச்சுக்குக் குழாய் வைத்தபடி இருந்தார். நெஞ்சுக்குள் நீர் என்றார்கள்.

"சித்தப்பா, அந்த ஆட்டத்திலை உங்கடை ஆள் விளையாடவேயில்லையே."

அவர் என்னை வடிவாகப் பார்த்தார். "உனக்கு இவ்வளவு காலம் எடுத்ததோ? கொம்மா கசெட்டைத் திருப்பின உடனை கண்டுபிடிச்சவ."

பிறகு விட்டு விட்டுச் சொன்னார். மாமாவை வெளிநாட்டுக்கு எடுக்கவென்று முதலில் கொழும்புக்கு வரச் சொன்னது அப்பா. அம்மப்பாவோடு சேர்ந்து வந்தால் கண்ணில் படும், தனியாள் என்றால் நழுவிவிடுவான் என்று அப்பாவின் கணக்கு. வேண்டாம், வயதானவர் பக்கத்தில் இருந்தால் பிடிக்கப் பொலிஸ் யோசிக்கும் என்று சித்தப்பா சண்டை பிடித்திருக்கிறார். அப்பாதான் மூத்தவர், அப்பா சொன்னதே நடந்தது. யுத்தகாலக் கொழும்பில் தனித்து நின்ற தமிழ் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போவது வழக்கமாயிருந்தது, மாமாவையும் லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார், எங்கே என்று தெரியாது. தேடிவந்த அம்மப்பா அதே லொட்ஜில் விழுந்து செத்தார்.

"கொள்ளி வைச்சது பக்கத்து அறையிலை இருந்த ஆரோ ஒரு புண்ணியவான். பேர்கூடத் தெரியாது. வீடியோவைப் போட்டால் கொள்ளிக்குடம் ஆரின்ரை தோளிலை எண்டு முதலே தெரிஞ்சிடும். கொம்மா வயித்திலை பிள்ளையோடை. கொப்பா என்ரை காலிலை விழாத குறை. பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டவர்."

"கசெட் துலைஞ்சுபோச்சு எண்டு சொல்லியிருக்கலாமே?"

"துலைஞ்சதெண்டால் தேடுவா. இன்னொரு கொப்பி எடுப்பிப்பா. ஒரு விசரன் அழிச்சுப்போட்டான் எண்டால் கோவத்தோடை முடிஞ்சிடும் எண்டு நினைச்சம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனால் அவ பிறகும் கொப்பி கேக்கேல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது, அவவுக்குத் தெரியுமெண்டு."

எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் மேல், சித்தப்பாவின் மேல், அம்மாவின் மேல், எல்லோரின் மேலும். இந்த மூன்று பேரும் சேர்ந்து சித்தப்பாவின் வாழ்க்கையைப் பகிடியாக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே, சித்தப்பா சொன்ன எல்லாவற்றையும் சொல்லி, முன்பே தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஓம்" என்றா. "உன்ரை நட்சத்திர ரேப்பைக் கண்டவுடனை தெரியும். பிறகு அந்த மொட்டைத் தலை."

"ஏன் அப்பாட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால் சொல்லியிருப்பார்." அம்மா மேசையில் இல்லாத எதையோ கையால் துடைத்தா. "ஒருத்தரும் சொல்லாதவரைக்கும் என்ரை தம்பி இருந்தான், பிள்ளை."

"அப்ப சித்தப்பா? அவர் என்ன பாவம் செய்தவர்?"

"ஒரு பாவமும் செய்யேல்லை. ஆரையெண்டாலும் திட்டாட்டில் நான் அண்டைக்குக் கேட்டிருப்பன். அவர் ஏச்சு வாங்கக்கூடிய ஆள். வாங்கினார்." அதற்குப் பிறகுதான் அவ அழுதா. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவவின் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு அம்மா அந்த ரயிலில் ஏறினா. உருளும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு சித்தப்பாவின் அறைக்குள் போய், கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. சித்தப்பாவுக்குக் குரல் அடங்கிவிட்டிருந்தது. கட்டில் கைப்பிடியில் பச்சை மப்ளர், நிறம் போய்ச் சாம்பலாகித் தொங்கியது. மேசையில் மாத்திரை போடும் சின்னப் பிளாஸ்ரிக் கிண்ணங்கள் நாலைந்து கிடந்தன. அம்மா கைப்பையைத் திறந்து, பேப்பரில் சுற்றிய ஒரு செத்தல் மிளகாயை எடுத்து, அவற்றுக்கு முன்னால், தூரத்தில் வைத்தா.

"அந்த ஐரிஷ்காரனை எங்கை நிப்பாட்டியிருக்கவேணும்?"

சித்தப்பா கையை நீட்டினார். விரல் நுனியால் ஒரு கிண்ணத்தைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் மிளகாயின் பக்கத்தில் விட்டார்.

"ஓம்" என்றா அம்மா. "நீர் சொன்னதுதான் சரி."

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். குழாய் இருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பனி கரையத் தொடங்கியபோது சித்தப்பா போய்விட்டார். பிள்ளையில்லாதவர், எங்கள் வீட்டிலும் இரண்டும் பெண்கள், என் மகனைப் பெண்வழிப் பேரன் என்று தள்ளிவிட்டார்கள். யார் கொள்ளிக்குடம் தூக்குவது என்று ஊர்ச் சங்கத்தில் கூடிக் கதைத்தார்கள். ஒருவர், பக்கத்து ஊர்க்காரர், நல்ல மனிதர், தான் செய்வதாகப் பெருந்தன்மையோடு முன்வந்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டா.

"உங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் வேண்டாம். எங்கடை வீட்டிலை ஒருக்கால் வழிப்போக்கர் ஒருத்தர் செய்து முடிச்சவர். இந்தமுறை எங்கடை ஆள் செய்யவேணும். என்ரை மூத்தவள் செய்வாள்."

பொம்பிளைப் பிள்ளையா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "செய்யலாம்" என்றார்.

மண்டபத்துப் பொறுப்பாளரான நோர்வேஜியருக்குத் தரை நனையும் என்று ஒரே கவலை. பெட்டியைச் சுற்றித் துவாய்களை விரித்துவிட்டிருந்தார். நான் குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினேன். ஓட்டையிலிருந்து வழிந்த தண்ணீர் முதுகில் குளிர்ந்தது. எனக்கு எதிரே அம்மா ஒரு கையால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் என் மகனின் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தா. என் தங்கை கிட்டப் போய்க் கேட்டாள், "குடுங்கோ அம்மா, நான் எடுக்கிறன். ஆருக்கு அனுப்ப?"

"ஒருத்தருக்கும் அனுப்ப இல்லை. வைச்சிருக்க" என்றா அம்மா. பிறகு என்னைப் பார்த்து, அந்த மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னா. "குனியாதை, பிள்ளை. முகத்தை நிமித்தி இஞ்சை பார். என்ரை தம்பி வந்தால் கேப்பான், ஆர் செய்ததெண்டு."